ஷீஜாவின் நடை வேகம்

அபின் கிளட்சைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஸ்டெனியின் மடியில் வைத்துப் பிரித்தான். உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்பு டப்பா. அதன் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு பல் உள்ள சின்னச் சக்கரம்.

"இதுதானா?" என்றான் ஸ்டெனி.

"இதுதான்."

"லிவர் எங்க?"

"லிவர் கெடையாது. பெடலும் கெடையாது. புல்லு வெட்டுற மெஷின்ல உள்ளதுதான், இது கொஞ்சம் பெருசு. ஆக்சிலேட்டர் குடுத்தா உள்ள ரெண்டு ஷூ வெளிய விரியும். டப்பாவ இறுக்கிப் பிடிக்கும். வண்டி போவும். ஆக்சிலேட்டர விட்டா ஷூ சுருங்கும். வண்டி நிக்கும்."

ஸ்டெனி டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினான்.

"அதுவா பிடிச்சு அதுவா விடுமா?"

"ஒனக்க இடது காலு செய்த வேலைய இது செய்யும்லே."

சொன்ன பிறகுதான் அபினுக்குத் தான் சொன்னது கேட்டது. ஸ்டெனியின் மனைவி ஷீஜா கட்டன்சாயாவோடு கதவருகே நின்றாள். உள்ளே வரவில்லை.

ஸ்டெனி சிரித்தான். "நல்லது. அது உறங்கிட்டுக் கெடக்கு. வேற ஆளு போட வேண்டியதுதானே."

ஷீஜா உள்ளே வந்து டம்ளர்களை வைத்தாள்.

ஸ்டெனி ரப்பர் மரத்தடி ஏற்றும் லாரி ஓட்டியவன். இரண்டு வருடம் முன்பு லோடின் மேல் நின்று கயிறு இறுக்கினான். கயிறு அறுந்து கீழே விழுந்தான். இடுப்புக்குக் கீழே போனது எதுவும் திரும்பி வரவில்லை. வீடு வந்த முதல் ஞாயிறு, சபைப் பையன்கள் நாலு பேர் சக்கர நாற்காலியோடு அவனைத் தூக்கி ஆலயப் படி ஏற்றினார்கள். ஆராதனை முடியும்வரை அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு தலைவலி என்றான். அதன் பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

அவர்கள் வீடு கல்லுவிளையில் இருந்தது. குலசேகரத்திலிருந்து மலைப் பக்கமாகப் போகும் ரோட்டில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. அங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் ஒன்று ஏற வேண்டும், அல்லது இறங்க வேண்டும். நாற்காலியை யாராவது தள்ளியே ஆக வேண்டும்.

விபத்துக்கு முன் ஒவ்வொரு டிசம்பரிலும் சண்டே ஸ்கூல் கேரல் ரவுண்ட்சில் அவன்தான் கிறிஸ்மஸ் தாத்தா. சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, வயிற்றில் தலையணை. பாட்டுப் பாடுகிறவர்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டே வீடு வீடாகப் போவான். அபின் டிரம் அடிப்பான். இரண்டு டிசம்பராக வேறு யாரோ அங்கியைப் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. இந்த வருடம் சண்டே ஸ்கூல் டீச்சர் செல்லக்கனி வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"தள்ளிட்டுப் போறதுன்னா வரமாட்டேன் டீச்சரே," என்றான் ஸ்டெனி. "நானா வரதுக்கு ஒரு வழி இருந்தா வாறேன்."

டீச்சருக்கு அது மறுப்பு என்று புரிந்தது. எழுந்து போனாள். ஷீஜா அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டாள். மறுநாள் காலையிலேயே அபின் கடைக்குப் போனாள்.

ஸ்டெனியின் கூட்டாளி அபினுக்கு ஜங்ஷனில் கடை. புல்வெட்டி மெஷினும் பம்புசெட்டும் பழுது பார்ப்பான். ஷீஜாவை அண்ணி முறையில் மைனி என்பான். அவன் போனில் ஒரு படம் காட்டினான். தரையை ஒட்டி நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஒரு சீட்டு, பின்னால் ஓர் என்ஜின். "இதுக்குப் பேரு கோ-கார்ட் மைனி. நம்மளே செய்யலாம்." பழைய பைப்பை வளைத்துச் சட்டம் செய்தான். தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்பின் என்ஜினைக் கழற்றி வைத்தான். ஒரு மினிபஸ் சீட்டைப் பொருத்தி இடுப்புக்கும் நெஞ்சுக்கும் பெல்ட் வைத்தான். வலது கைக்குக் கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலேட்டர். இடது கைப் பக்கம் பிரேக் லிவர். கிளட்ச் ஒன்றுதான் பாக்கி இருந்தது. இன்று அதுவும் வந்துவிட்டது.

"பின்னால எத்தன பல்லு?" என்றான் ஸ்டெனி.

"முப்பத்தாறு. பைக்கு சக்கரத்தில உள்ளது கெடந்து. அதையே போட்டாச்சு."

"பன்னெண்டுக்கு முப்பத்தாறு. மூணு சுத்துக்கு ஒரு சுத்து." ஸ்டெனி யோசித்தான். "வேகம் வருமா?"

"வரும்."

"அப்பம் அது போதும்."

*

ஆலய மைதானம் ஒன்றுதான் ஊரில் சமதரை. சனிக்கிழமை மதியம் அங்கே ஆள் இருக்காது. அபினும் ஷீஜாவும் அவனை நாற்காலியிலிருந்து வண்டிக்கு மாற்றினார்கள். ஷீஜா அவன் கால்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டத்துக்குள் வைத்து வாரைப் போட்டாள். அபின் கயிறு இழுத்து என்ஜினைக் கிளப்பினான். என்ஜின் ஓடியது. வண்டி நின்றது.

"பாத்தியா, ஓடுகு, ஆனா இழுக்கல்ல. இனி விரல வை. பைய—"

ஸ்டெனி பைய வைக்கவில்லை. வண்டி பாய்ந்தது. கோல் கம்பத்தைத் தாண்டித் திரும்பியது. சட்டை முதுகில் பந்துபோல் உப்பியது. ஷீஜா மைதானத்தின் ஓரமாகக் கூட ஓடப் பார்த்தாள். கால் சுற்றுக்கு மேல் முடியவில்லை. நின்றுகொண்டாள். தூரத்தில் அவன் வாய் திறந்திருப்பது தெரிந்தது. கத்துகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு முறை அவளைக் கடக்கும்போதும் ஏதோ சொன்னான். என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவள் ஒவ்வொரு முறையும் தலையாட்டினாள்.

அவன் வந்து நின்றபோது கண்ணில் தூசி. துடைத்துவிட அவள் முந்தானையை எடுத்தாள். அவன் தானே துடைத்தான்.

"நாளைக்கு ஏத்தம் பாப்போம்," என்றான். "டீச்சர் வீடு வரை. பிள்ளைகளயும் வரச் சொல்லு. பாட்டும் பாடிப் பாக்கட்டும்."

அபின் ஷீஜாவைப் பார்த்தான். ஸ்டெனியின் வாயிலிருந்து டீச்சர் என்ற சொல் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

*

செல்லக்கனி டீச்சர் வீட்டு ஏற்றம் ஊரிலேயே செங்குத்தானது. நடுவில் இரண்டு வீடுகள். ஞாயிறு ஆராதனை முடிந்து பிள்ளைகள் டீச்சரோடு அப்படியே வந்துவிட்டார்கள். வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் பின்சட்டத்தில் ஏறிக்கொண்டார்கள். ஸ்டெனி தடுக்கவில்லை. விபத்துக்கு முன்பும் அவர்கள் அவன் முதுகில்தான் தொங்கிக்கொண்டு போவார்கள்.

அபின் டிரம்மைக் கழுத்தில் மாட்டி அடித்தான். பிள்ளைகள் பாடிக்கொண்டு நடந்தார்கள். ஸ்டெனி அவர்கள் நடைக்கு வண்டியைப் பிடித்துப் பிடித்து ஓட்டினான். விரலை மைதானத்தில் வைத்ததுபோல் வைக்க முடியவில்லை. வைத்தால் முன்னால் போகும் பிள்ளைகள் மேல் ஏறிவிடும். கொஞ்சம் அழுத்தினான். என்ஜின் உறுமியது. வண்டி ஊர்ந்தது.

முதல் வீட்டு வாசலில் ஊர்வலம் நின்றது. வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். பிள்ளைகள் முழுப் பாட்டையும் பாடினார்கள்.

ஸ்டெனி பிரேக்கைத் தொடவில்லை. மலை ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் பிரேக் பிடிப்பது கேவலம். பாதிக் கிளட்சும் கொஞ்சம் ஆக்சிலேட்டருமாக லோடோடு வண்டியை அந்தரத்தில் நிறுத்துவார்கள். ஸ்டெனி அப்படி நிறுத்தினால் சக்கரம் ஒரு விரற்கடை பின்னால் வராது. இப்போதும் அப்படித்தான் நிறுத்தினான். விரலால் சன்னமாக அழுத்தி, வண்டி போகவும் இல்லாமல் உருளவும் இல்லாமல். அபினைப் பார்த்துக் கண்ணடித்தான். அபினும் டிரம் அடித்துக்கொண்டே தலையாட்டினான். அழகான வேலை. இருவருக்கும் அது தப்பு என்று தோன்றவில்லை.

மூன்றாவது சரணத்தில் ஷீஜாவுக்கு நாற்றம் வந்தது. யாரோ ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையை எரிக்கிறார்கள் என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

"ஏங்க!"

ஸ்டெனி விரலை முழுக்க அழுத்தினான். என்ஜின் அலறியது. வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை இழுத்தான். நின்றது. பின்சட்டத்துப் பிள்ளைகள் குதித்து ஓடினார்கள். பாட்டு நின்றது.

மறுபடி அழுத்தினான். அலறல் மட்டும். புகை அதிகமானது.

"தள்ளுங்கலே!" என்று ஒரு பையன் கத்தினான். பத்துக் கைகள் வண்டியைப் பிடித்தன.

"தொடாதீங்க!"

ஸ்டெனி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. கைகள் விலகின. ஒரு சிறுமி அழத் தொடங்கினாள். அவன் என்ஜினை அணைத்தான். முன்னால் இருந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை பிரேக்கை விடவில்லை.

"டீச்சர், பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் ஷீஜா. "அபின் அண்ணே, நீங்களும் போங்க."

"மைனி, நான் ஒரு கை—"

"போங்க."

எல்லோரும் போனார்கள். வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஷீஜா வண்டிக்குப் பக்கத்தில் ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள்.  ரப்பர் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. ஒன்று அவன் மடியில் விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

இனி இவன் வெளியே வரமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. இன்று தள்ளிக்கொண்டு போனால் நிச்சயம் வரமாட்டான். சும்மா இருக்கவும் முடியாது. அவன் கை எவ்வளவு நேரம் பிரேக்கைப் பிடிக்கும்.

எழுந்தாள். வண்டிக்குப் பின்னால் இறக்கத்தில் பத்தடி இறங்கி ரோட்டின் நடுவில் நின்றாள். திரும்பி அவனைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள்.

"வரட்டும்," என்றாள்.

அவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"வரட்டும், வரட்டும். இடது பக்கம் ஓடை இருக்கு. நேரா வரட்டும்."

லாரி பின்னால் எடுக்கும்போது கிளீனர் அப்படித்தான் சொல்வான். கிளீனரை இந்தப் பக்கத்தில் கிளி என்பார்கள். ஸ்டெனி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான்.

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு கிளிக்க வேலை?"

"வேற கிளி வரல்ல. நீங்க எடுங்க."

அவன் பிரேக்கை ஒரு துளி விட்டான். வண்டி பின்னால் உருண்டது. பிடித்தான். விட்டான். அவள் பின்னாலேயே நடந்து இறங்கினாள்.

"வரட்டும். கொஞ்சம் வலது. போதும். போதும்ணு சொன்னேன்லா! அங்ஙன என்னத்தப் பாக்கீங்க, இஞ்ச பாருங்க. ஆ, நேரா. வரட்டும்."

வளைவில் சக்கரத்தை ஒடித்தான். ஓடையின் விளிம்பை ஒட்டி, மண் சரியாமல், வண்டி திரும்பியது. என்ஜின் இல்லை, கிளட்ச் இல்லை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் அவனும் மட்டும். வீட்டு வாசல்வரை அப்படியே வந்தான். யாரும் தள்ளவில்லை.

வாசலில் நின்றதும் கையை உதறினான். விரல்கள் சிவந்திருந்தன.

"வளைவுல நல்லாச் சொன்னே," என்றான்.



*

மறுநாள் அபின் கிளட்சைக் கழற்றி ஸ்டெனியின் சன்னல் திண்டின் மேல் வைத்தான். டப்பாவின் உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு ஷூவும் கருகி, பட்டை உரிந்து கிடந்தன.

"தப்பு எனக்க மேல," என்றான் அபின். "நான் வேகத்துக்குக் கணக்குப் போட்டேன். இந்த மூணுக்கு ஒண்ணுல ஷூ முழுசாப் பிடிக்கணும்னா வண்டி பைக்கு மாதிரி ஓடணும். நாம நடக்குற வேகத்தில ஓட்டுனோம். அப்பம் அது பிடிக்காது. வழுக்கிட்டே கெடக்கும். வழுக்குனா சூடு."

"நிக்கும்போ நான் விரல எடுக்காம இருந்தேன்லா," என்றான் ஸ்டெனி. "அதையும் சொல்லு."

"அதுவும்தான். அதப் பாத்து நான் தலையாட்டுனேன்லா. ரெண்டு விவரங்கெட்டவனுவ."

ஸ்டெனி சிரிக்கவில்லை. "பைக்கு என்ஜின் போடு. கியரு உண்டு, கையில கிளட்சு உண்டு. எனக்கு அது தெரியும்."

"சரி. கிளட்சு எந்தக் கையில?"

"இடது கை."

"ஆக்சிலேட்டர்?"

"வலது கை."

"பிரேக்கு? காலுல மாத்துற கியர? ஸ்டியரிங்க யாரு பிடிப்பா?"

ஸ்டெனி தன் இரண்டு கைகளையும் பார்த்தான்.

"ஸ்கூட்டர்ல உள்ள பெல்ட்டு?"

"போடலாம். சமதரையில சூப்பரா போவும். ஆனா அதுக்க உள்ளயும் இதே ஷூதான் கெடக்கு. பிள்ளைகள ஏத்திட்டு, ஏத்தத்துல, பாட்டு வேகத்துல போனா அதுவும் எரியும். நேரம் கூட எடுக்கும், அவ்வளவுதான்." அபின் கருகிய ஷூவை விரலால் உருட்டினான். "கிளட்சு இதுவே போதும்லே. மாத்த வேண்டியது பல்லு. என்ஜின் முழு வேகத்துல ஓடணும், ஷூ இறுக்கிப் பிடிக்கணும், வண்டி மட்டும் பைய போவணும். மூணுக்கு ஒண்ணு பத்தாது. நாப்பதுக்கு ஒண்ணாவது வேணும்."

"நாப்பதா? அப்பம் முழுசா அழுத்துனா எவ்வளவு போவும்?"

"ஒரு ஆளு நடக்குற வேகம்."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல போவாது."

ஸ்டெனி சன்னல் பக்கம் திரும்பினான். "அது வண்டியாலே? அதுக்கு நாற்காலியே போதும்."

 டம்ளரில் மிச்சம் இருந்த சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். ஷீஜா ரோடுவரை கூட வந்தாள்.

"நாப்பதுக்கு ஒண்ணுன்னா சக்கரம் எவ்வளவு பெருசு வேணும் அண்ணே?"

"ஒரே சக்கரத்துல நடக்காது மைனி. வண்டியவிடப் பெருசாப் போவும். மூணு கட்டமா குறைக்கணும். நடுவில கெட்டியா ஒரு கியர்செட்டு வேணும். அதுக்குத்தான் எங்க போறதுன்னு தெரியல்ல."

அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு அவனை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். ஓலைச் சாய்ப்பின் கீழே ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் நின்றது. இப்போது ரப்பர் பாலைப் பாலாகவே கொடுத்துவிடுகிறார்கள். யாரும் ஷீட் அடிப்பதில்லை. அதன் மேல் விறகு அடுக்கியிருந்தது. அவள் விறகைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். கஷ்டப்பட்டு அசைந்தது. கைப்பிடி ஐந்து தரம் சுற்றியதும் உருளை ஒரு தரம் சுற்றியது.

அபின் குனிந்து பக்கத்திலிருந்த பல்சக்கரங்களைப் பார்த்தான். சின்னதொன்று, பெரியதொன்று. வார்ப்பிரும்பு. துரு மேலாகத்தான் இருந்தது.

"அஞ்சுக்கு ஒண்ணு," என்றான். "முன்னால செயின் மூணு. நடுவில இது அஞ்சு. பின்னால இன்னொரு செயின்." நிமிர்ந்தான். "மைனி, இது எங்கயாக்கும் இருந்து இத்தன நாளு?"

"விறகுக்குக் கீழ."

*

கியரைக் கழற்றி, கடைசல் பட்டறையில் கொடுத்து, தண்டில் ஏற்றி, சட்டத்தில் வைத்து வெல்டு செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. புது ஷூ வந்தது. வேலை எல்லாம் ஸ்டெனியின் சன்னலுக்கு வெளியேதான் நடந்தது. அபின் வேண்டுமென்றே அங்கே வைத்துச் செய்தான். முதலில் ஸ்டெனி பார்க்கவில்லை. பிறகு பார்த்தான். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

"செயின் லூசாட்டு நிக்கு."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா இறுக்கு."

"நீ வந்து இறுக்குலே."

ஸ்டெனி நாற்காலியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். ஸ்பானரை வாங்கி இறுக்கினான்.

பின்சக்கரத்துக்கு அபின் இரண்டு பல்சக்கரங்கள் கொண்டுவந்திருந்தான். ஒன்றுக்கு இருபத்தெட்டுப் பல். மற்றதற்கு நாற்பத்திரண்டு.

"இருபத்தெட்டு போட்டா சமதரையில ஒரு ஆளு கைவீசி நடக்குற வேகம். நாப்பத்திரண்டு போட்டா அதே ஆளு ஏத்தத்துல ஏறுற வேகம். அவ்வளவுதான் வித்தியாசம். எது?"

"வேகமானத போடு."

"கேரல்ல பாடிட்டு ஏறும்போ அதுவும் கூடுதல். நீ விரலக் குறைப்பே. மறுபடி வழுக்கும்."

ஸ்டெனி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான். கனம் பார்ப்பதுபோல் மாறி மாறித் தூக்கினான். ஷீஜா கிணற்றடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். அவன் அவளைக் கூப்பிட்டான்.

"பிள்ளே, கொடத்த வச்சிட்டு இஞ்ச வா. அந்தா ரோட்டுல மேல போற ஏத்தம் இருக்குலா. அதுல ஏறு."

"எதுக்கு?"

"சும்மா ஏறு. சாதாரணமா."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனாள். ஏறினாள். ஸ்டெனி நாற்காலிக் கையில் விரலால் தாளம் தட்டினான். கேரலில் பாடும் பாட்டின் தாளம். அவள் ஓர் அடி வைக்க இவன் ஒரு தட்டு. சேரவில்லை, அவள் பிந்தினாள். அவன் தாளத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். அவள் வளைவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவனும் தட்டுவதை நிறுத்தினான். அவள் மறுபடி நடந்தாள்.

இரண்டு வருடமாகத் தன்னைத் தூக்கி, குளிப்பாட்டி, ரப்பர் பால் எடுத்து, விறகு உடைத்து நடந்தவள். அவள் நடப்பதை அவன் பார்த்தது இல்லை. அவள் எப்போதும் அவனுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது வலது காலை லேசாகச் சாய்த்து வைத்தாள். அது எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை.

"முட்டு வலிக்கா அவளுக்கு?" என்றான்.

"எங்கிட்ட சொன்னதில்ல," என்றான் அபின்.

"எங்கிட்டயும் சொன்னதில்ல."

ஷீஜா மேலேயிருந்து கத்தினாள். "போதுமா?"

"போதும். வா!"

அவன் மடியிலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்து அபினிடம் நீட்டினான். நாற்பத்திரண்டு.

"இவளுக்க நடைக்கு வை," என்றான்.

*

கேரல் ரவுண்ட்ஸ் அன்று மாலை வெயில் இறங்குவதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வண்டியைத் தொடாமல் தூரத்தில் நின்றார்கள். ஸ்டெனி அங்கியும் தாடியுமாக உட்கார்ந்திருந்தான். ஷீஜா தலையணையைப் பெல்ட்டுக்குள் திணித்தாள்.

"ஏன் அங்ஙன நிக்கீங்க?" என்றான் ஸ்டெனி.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "தொட்டா ஏசுவீங்கல்லா," என்றாள் அன்று அழுத சிறுமி.

"தள்ளுனாத்தான் ஏசுவேன். ஏறுனா ஏசமாட்டேன். ரெண்டு பேரு வாங்க. மாறி மாறி."

"மாமா, இது பைக்கு போல வேகமாப் போவுமா?"

"போவாது மக்கா. இது நடக்கும்."

"டீச்சர் வீடு வரைதான்," என்று ஷீஜா செல்லக்கனி டீச்சரிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். "அவரு அவ்வளவுதான் சம்மதிச்சிருக்காரு. அதோட திரும்பிருவோம்." டீச்சர் அதற்கே கையெடுத்துக் கும்பிட்டாள்.

அபின் டிரம்மை அடித்தான். ஸ்டெனி விரலை முழுக்க அழுத்தினான். என்ஜின் முழு வேகத்தில் ஓடியது. ரோலர் கியர் கடகடவென்று சத்தமிட்டது. வண்டி ஒரு மனிதன் எழுந்து நடப்பதுபோல் கிளம்பியது.

ஏற்றம் தொடங்கியது. வண்டியின் சத்தமும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. பிள்ளைகள் முதலில் முன்னால் ஓடினார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். அபின் தாளத்தைக் குறைத்தான். பாட்டும் குறைந்தது. ஷீஜா சீட்டுக்குப் பக்கத்தில் நடந்தாள்.

முதல் வீட்டு வாசலில் நின்றார்கள். ஸ்டெனியின் கட்டைவிரல் ஆக்சிலேட்டரில் சன்னமாக இருந்தது. ஷீஜா அதையே பார்த்தாள்.  அவன் விரலை எடுத்தான். பிரேக்கை இழுத்தான். அபின் அதில் ஒரு பூட்டு வைத்திருந்தான். கிளிக் என்று விழுந்தது. இரண்டு கையும் சும்மா ஆயின. ஸ்டெனி அவற்றைத் தூக்கி ஆடினான். இடுப்புக்கு மேலே இருந்ததெல்லாம் ஆடியது. பிள்ளைகள் கத்தினார்கள். வீட்டுக் கிழவர் ஒருவர் மிட்டாய் வாங்க மறந்து நின்றார்.

"எடேய் ஸ்டெனி, நீயாலே அது?"

"ஸ்டெனி இல்ல தாத்தா. வடதுருவத்துல இருந்து வாறேன். சாயா உண்டா?"

அடுத்த வீட்டிலும் நின்று பாடினார்கள். அதற்கு மேல்தான் ரோடு செங்குத்தாக நின்றது. ஷீஜாவுக்கு மூச்சு வாங்கியது. காலையில் பால் எடுத்து, கேக்கு சுட்டு, அவனை உடுத்தி, மதியம் உட்காரவேயில்லை. சீட்டின் பின்கம்பியைப் பிடித்தாள்.

ஸ்டெனிக்குத் தெரிந்துவிட்டது.

"கைய எடு," என்றான் திரும்பாமல். "நீ தள்ளுறேன்னு நினைப்பாவ."

"தள்ளல்ல."

"பின்ன?"

"எனக்கு ஏற முடியல்ல. அதாக்கும் பிடிச்சேன்."

அவன் திரும்பினான். தாடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் கம்பியில் தொங்குவதுபோல் சாய்ந்து நடந்துகொண்டிருந்தாள். கம்பி அவளை இழுத்தது.

"உள்ளதத்தான் சொல்லுகியா?"

"உள்ளது."

அவன் முன்னால் திரும்பிக்கொண்டான்.  பின்சட்டத்தில் நின்ற பையனைத் தட்டினான்.

"மக்கா, நீ எறங்கு. ஒனக்குக் காலு நல்லாத்தானே இருக்கு. மாமி ஏறட்டும்."

"நான் இப்பம்தானே ஏறினேன்!"

"எறங்குலே. அடுத்த வீட்டுல ஒனக்கு ரெண்டு மிட்டாய்."

"மூணு."

"மூணு. எறங்கு."

"வேண்டாங்க," என்றாள் ஷீஜா. "நான் கனம். கிளட்சு—"

"கிளட்ச நான் பாத்துக்கிடுகேன். நீ ஏறு."

அவள் ஏறினாள். வண்டி ஒரு நொடி தயங்கியதுபோல் இருந்தது. தயங்கவில்லை, அவள்தான் பயந்திருந்தாள். அதே சத்தம். அதே வேகம். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் இரு பக்கமும் நடந்தார்கள். அபின் டிரம் அடித்துக்கொண்டே அவளைப் பார்த்தான். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டான்.

டீச்சர் வீட்டு முற்றத்தில் நட்சத்திர விளக்குப் போட்டிருந்தார்கள். இன்னும் வெளிச்சம் இருந்ததால் அது எரிவது தெரியவில்லை. ஸ்டெனி பிரேக்கைப் பூட்டினான். பாடினார்கள். ஜெபம் செய்தார்கள். டீச்சர் ஸ்டெனிக்குக் கேக்கும் கட்டன்சாயாவும் கொண்டுவந்தாள். அவன் தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சாப்பிட்டான்.

ஷீஜா பக்கத்தில் வந்தாள். வந்த வழியைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"திரும்புவோமா?"

ஸ்டெனி விரலை நக்கினான். டீச்சர் வீட்டுக்கு மேலே ரோடு ரப்பர் மரங்களுக்குள் வளைந்து போனது. அங்கங்கே வாசல்களில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டாங்கத் தொறந்து பாரு," என்றான். "எவ்வளவு கெடக்குன்னு சொல்லு."

அவள் மூடியைத் திருகிக் குனிந்து பார்த்தாள்.

"பாதிக்கு மேல இருக்கு."

அவன் தாடியை மேலே இழுத்துவிட்டான்.

"அப்பம் ஏறு," என்றான்.